வெரலத்தான் காட்டுனேன்

இல்லைன்னா சொன்னாரு? அப்படித்தான் சொல்லுவாரு. மனசுல வெச்சுக்காதே அம்மணி. உன்னைய மட்டும் இல்ல, பெரிய ஆபீசரே கார்ல வந்து எறங்கிக் கேட்டாலும், அந்தச் செக்போஸ்ட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அப்படியொரு குருவி இந்தக் காட்டுல இல்லீங்க"ன்னுதான் சொல்லுவாரு. கேக்கறவிங்க நம்பித்தான் ஆகோணும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன் சொல்றதாச்சே.

இப்படி நெழலுக்கு வா. அந்தச் சாக்கப் போட்டு உக்காரு, தரை சுடும். பொள்ளாச்சி பஸ்ஸு நாலரைக்குத்தான். இப்ப மணி என்ன, ஒண்ணே காலா? நடுவுல ஒரு வண்டியும் கெடையாது. மோர் இருக்குது, குடி. கொத்தமல்லி போட்டிருக்கேன், பிடிக்காதுன்னா எடுத்துப் போட்டுக்கோ.

நான் அவரு சம்சாரந்தான். வேலாத்தா. அவரு பேரு நாச்சிமுத்து. அதையும் சொல்லியிருக்க மாட்டாரே. இந்தக் காட்டுல பத்தொம்பது வருசமா வேட்டைத் தடுப்புக் காவலரா இருக்காரு. பேருதான் நீளம். பச்சைச் சட்டை, கையில ஒரு தடி, அவ்வளவுதான்.

நீ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இரு, நான் பாட்டுக்கு ஈக்குக் கிழிக்கறேன். இந்தத் தென்னோலை பூராவும் இன்னிக்குக் கிழிச்சாத்தான் நாளைக்குச் சீமாறு கட்டலாம். உன்ற பையில இருக்கறது கேமராதானே? தெரியுது. காலேஜுல குருவிப் படிப்புப் படிக்கறேங்கற. நல்ல படிப்புத்தான். எம்புள்ள பூங்கொடி பன்னெண்டாவதோட நிறுத்திட்டா. இப்ப உடுமலைல இருக்கா, ரெண்டு கொழந்தைங்க.

அந்தக் குருவியப் பத்தி என்னைய யாரும் கேக்க மாட்டாங்க. வர்றவிங்க எல்லாரும் அவரத்தான் கேப்பாங்க. ஆனா நான் பார்த்திருக்கேன். இந்த ஊர்ல அதப் பார்த்தது ரெண்டே பேரு, அதுல நான் ஒருத்தி. நெசமாத்தான் சொல்றேன்.

என்னமோ தவளைவாயன்னு சொன்னியே, அது புஸ்தகத்துல இருக்கற பேரு. எங்க ஊருக்குள்ள அதுக்குப் பேரே கெடையாது. பார்த்தவிங்க இருந்தாத்தானே பேரு வெக்கறதுக்கு. பொழுது உழுந்தப்பறம் காட்டுக்குள்ள யாரோ தொண்டையச் செருமறாப்பல ஒரு சத்தம் கேக்கும். அது என்னன்னு யாரும் ரோசிச்சதில்ல. அவருதான் அதுக்குச் சருகன்னு பேரு வெச்சாரு. "சருகாட்டவே இருக்குது வேலா. மரத்துல ரெண்டு சருகு ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு தாண்டிப் போயிட்டேன். அப்பறம் பார்த்தா அதுல ஒண்ணு மூச்சு விடுது"ன்னாரு.

ஒரு விசயம் சொல்றேன், கேளு. அந்த மனுசன் பேசறவரே கெடையாது. கொழம்புல உப்பில்லைன்னாச் சொல்ல மாட்டாரு, வெறும் சோத்தத் தின்னுட்டுக் கை கழுவிருவாரு. கண்ணாலம் ஆகி வந்த புதுசுல இவருக்கு என்னையப் பிடிக்கலையோன்னு ஆறு மாசம் அழுதேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, பேச்சே அவ்வளவுதான்னு. அப்படிப்பட்டவரு, போன வருசத்துக்கு முந்தின வருசம் தை மாசத்துல ஒரு நாள் வந்தாரு. வட்டல் முன்னாடி உக்காந்தாரு. சோத்தத் தொடவே இல்ல, பேச ஆரம்பிச்சுட்டாரு.

கூடு கட்டுதுன்னாரு. கூடுன்னா என்ன, ஒரு பாக்குமட்டைத் துண்டு அளவுகூட இல்லையாம். பாசியும் அதோட நெஞ்சுல இருக்கற பூ முடியும் வெச்சு, கெளையில ஒரு திட்டாட்டம் ஒட்ட வெக்குதாம். அதுல ஒரே ஒரு முட்டை. வருசத்துக்கு ஒண்ணு, அவ்வளவுதான். அது போச்சுன்னா அந்த வருசம் போச்சு.

நான் சும்மா இருக்காம, "பொட்டைக் குருவி நாளெல்லாம் அங்கயே உக்காந்திருக்குமா"ன்னேன். "பகல்ல பொட்டை இல்ல வேலா, ஆம்பளைதான் உக்காருது"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஆம்பளை அடைகாக்குதா, நல்லா இருக்குது போங்க"ன்னேன். அவரும் சிரிச்சாரு. "வெடிஞ்சதுல இருந்து பொழுது உழுகற வரைக்கும் அசையறதில்ல. கட்டெறும்பு காலு மேல ஏறுது, அப்பவும் அசையறதில்ல. கண்ண மூடிக்கிட்டு, மூஞ்சிய மேல தூக்கிக்கிட்டு, ஒடஞ்ச கெளையாட்ட இருக்குது. அசைஞ்சா பார்த்துருவாங்கன்னு தெரியும் அதுக்கு"ன்னாரு.

தெனமும் இதே பேச்சுத்தான். நானும் ஈக்குக் கிழிச்சுக்கிட்டே கேப்பேன். ஒவ்வொரு நாளு, எப்படா இவரு முடிப்பாரு, எந்திரிச்சுப் போயிப் பாத்திரம் கழுவலாம்னு இருக்கும். இப்ப நெனச்சா... செரி, விடு.

இருபத்து மூணாவது நாளோ என்னமோ, ஞாயித்துக்கெழமை, வெடியால எழுப்பினாரு. "வர்றியா"ன்னாரு. எங்கன்னு கேட்டேன். "வா"ன்னாரு.

எங்காவது ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்காக்கும்னு நெனச்சு, பூங்கொடி எடுத்துக் குடுத்த செவப்புப் பூனம் சீலையக் கட்டிக்கிட்டு வந்து நின்னேன். பார்த்தாரு. "அது வேண்டாம், அந்த நரைச்ச பச்சையக் கட்டிக்க"ன்னாரு. அது அடுப்படியில கட்டற சீலை அம்மணி, ஓரமெல்லாம் கிழிஞ்சது. மொதத் தடவையா எங்கயோ கூட்டிக்கிட்டுப் போறாரு, அதுக்கும் கந்தையக் கட்டச் சொல்றாரேன்னு ஆத்தரம் ஆத்தரமா வந்துச்சு. வளையலயும் கழட்டச் சொன்னாரு. இருக்கறதே கண்ணாடி வளையல் நாலு.

ஊட்டுக்குப் பின்னால பொடக்காலி வழியாப் போனோம். அதோ, அந்த இலவ மரத்துக்குப் பின்னால ஒரு ஒத்தையடிப் பாதை போகுது பாரு, அதுலதான். ஓடையத் தாண்டறப்ப பாறையெல்லாம் வழுக்கு. கையக் குடுத்தாரு. புடிச்சுக்கிட்டு எறங்கினேன். அக்கட்டப் போனப்பறமும் விடல. எனக்கானா ஒரே சங்கடம். யாராவது பார்த்தா என்ன நெனப்பாங்க. காட்டுக்குள்ள யாரு இருக்கா பார்க்கறதுக்கு, அது வேற. பிரம்பு முள்ளு சீலையில மாட்டி ஒரு சாணுக்குக் கிழிச்சுருச்சு. பசி வேற. காப்பித் தண்ணிகூடக் குடிக்காமக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு.

ஒரு பொதருக்கு முன்னாடி நிறுத்தினாரு. பேசாதேன்னு கை காட்டினாரு. பார்க்கறேன், பார்க்கறேன், ஒண்ணும் தெரியல. இலை, பிரம்பு, காய்ஞ்ச சருகு. எங்கங்கன்னு கேக்க முடியாது, பேசக்கூடாதே. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, என்ற தாடையப் புடிச்சாரு. மெதுவாத் திருப்பினாரு. இப்படி. சித்த மேல தூக்கினாரு. அப்பத்தான் தெரிஞ்சுது. நான் சருகுன்னு நெனச்சுப் பார்த்துக்கிட்டிருந்ததே அதுதான். என்னையப் பார்த்து ஒரு கண்ணத் தொறந்துச்சு. முழுசாக்கூட இல்ல, நூலளவு. மறுபடி மூடிக்கிச்சு.

நான் திரும்பி அவரப் பார்த்தேன். அவரு குருவியப் பார்க்கல. நான் பார்க்கறதப் பார்த்துக்கிட்டிருந்தாரு. சத்தமில்லாமச் சிரிச்சாரு.

திரும்பி வர்றப்ப, "யாருகிட்டயும் சொல்லீராதே வேலா"ன்னாரு. நான் யாருகிட்டச் சொல்லப் போறேன். வந்ததும் அடுப்பப் பத்த வெச்சு மொதல்ல காப்பி போட்டுக் குடிச்சேன். அந்தக் கிழிஞ்ச எடத்த அன்னிக்கே தெச்சேன்.

இன்னுங் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா? வெயில்ல நடந்து வந்திருக்கே.

அதுக்கப்பறம் பத்து நாள் இருக்கும், குஞ்சு பொரிச்சிருச்சுன்னாரு. இலவம்பஞ்சக் கொஞ்சம் பிச்சு வெச்சாப்பல இருக்குதாம். ஆம்பளையோட நெஞ்சுக்கடியில சொருகிக்கிட்டு இருக்குதாம், எப்பவாவது வெள்ளையா ஒரு முனை தெரியுமாம். இன்னும் மூணு வாரம் போனாப் பறந்துரும்னாரு. மாசி கடைசின்னு நாட்காட்டியில வெரலு வெச்சுக் காட்டினாரு.

அந்த வாரத்துலதான் அவிங்க வந்தாங்க. மூணு பேரு, பெரிய காரு. கேமரான்னா உன்னுதாட்ட இல்ல, ஒவ்வொண்ணும் சாக்கடைக் கொழாய் தண்டி இருந்துச்சு. பச்சையும் மண்ணுமாக் கலர்போட்ட உடுப்பு, தொப்பி. செக்போஸ்ட்டுல எறங்கி அவருகிட்டக் கேட்டிருக்காங்க. இல்லீங்கன்னுட்டாரு. அடுத்த நாளு அவருக்குக் காட்டுத்தீ பரவாம இருக்கத் தீக்கோடு வெட்டற வேலை, மேல் காட்டுக்குப் போயிட்டாரு. மூணு நாளு அங்கயேதான் தங்கல்.

அவிங்க போகல. இதே எடத்துல, நீ உக்காந்திருக்கியே, இங்கதான் வந்து நின்னாங்க. தண்ணி கெடைக்குமாக்கான்னு கேட்டாங்க. வந்தவிங்களுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்ல முடியுமா. மோர் குடுத்தேன்.

ரெண்டு பேரு குடிச்சுட்டுப் போனைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. தாடி வெச்சவன் ஒருத்தன் மட்டும் எனக்கு எதுத்தாப்பல குத்த வெச்சு உக்காந்துக்கிட்டான். "இது எப்படிக்கா கிழிக்கறீங்க, வெரல அறுக்காதா"ன்னான். அறுக்குந்தான்னு சொன்னேன். எத்தனை வருசமாச் செய்யறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை கட்டுவீங்க, எந்த மரத்து ஓலை நல்லதுன்னு ஒண்ணொண்ணாக் கேட்டான். நான் சொல்றதத் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தான் அம்மணி. அப்பறம் என்ற கையப் படம் எடுக்கட்டுமான்னான். கையவாப்பான்னேன். ஆமாங்க்கா, கையத்தான்னான். எடுத்து அந்தச் சின்னக் கண்ணாடியில காட்டினான். ஈக்கும் வெரலும், அந்தப் பழைய வெட்டுத் தழும்பும். என்ற கைய நானே அப்படிப் பார்த்ததில்ல.

போறப்ப எந்திரிச்சு நின்னு, "ரெண்டு நாளா அலைஞ்சதுதான் மிச்சம்க்கா. அந்தக் குருவி இந்தப் பக்கமே கெடையாதாம். வாட்சர் அண்ணன் சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததா"ன்னான்.

அவன் ஒண்ணும் கேக்கல. எங்க இருக்குதுன்னு கேக்கவே இல்ல. நான்தான், "ஏன் இல்லாம? இருக்குது. நானே பார்த்திருக்கேன்"ன்னேன்.

மூணு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. போன் பார்த்துக்கிட்டிருந்தவிங்களும் பார்த்தாங்க. "நீங்க பார்த்தீங்களாக்கா"ன்னு கேட்டான். அந்தக் கேள்வியில ஒரு மரியாதை இருந்துச்சு. சும்மா சொல்றேன்னு நெனச்சுருவாங்களோன்னு, கூட்டப் பத்தி, ஆம்பளை அடைகாக்கறதப் பத்தி எல்லாஞ் சொன்னேன். அவரு சொன்னது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நான் பாட்டுக்குச் சொல்றேன், அவிங்க வாயத் தொறந்து கேக்கறாங்க.

அவிங்களோட ஓடைப் பாறை வரைக்குந்தான் போனேன். அதுக்கு மேல ஒரு எட்டு வெக்கல. அங்க நின்னு வெரலத்தான் காட்டுனேன். வேற ஒண்ணும் செய்யல. ஒரு பைசா வாங்கல, குடுத்தாங்க, வேண்டாம்னுட்டேன். அத நீ எழுதறதா இருந்தா எழுதிக்கோ. தொந்தரவு பண்ணக்கூடாதுப்பான்னும் சொன்னேன். செரிக்கான்னாங்க.

மூணு நாளும் போனாங்க. மொத ரெண்டு நாளு வர்றப்ப மோர் குடிச்சுட்டு, கும்புட்டுட்டுப் போனாங்க. மூணாவது நாளு மத்தியானமே காட்ட விட்டு எறங்கி வந்து, இந்தப் பக்கம் பார்க்காமயே கார்ல ஏறிட்டாங்க. நான் சொம்ப எடுத்துக்கிட்டு வெளிய வர்றேன், வண்டி திரும்பிப் போகுது. என்ன அவசரமோன்னு நெனச்சேன்.

அவரு அடுத்த நாள் வந்தாரு. நேரா ஊட்டுக்கு வரல, காட்டுக்குள்ள போயிட்டுத்தான் வந்தாரு. முட்டியெல்லாம் மண்ணு. மொகம் எப்பவும் போலத்தான் இருந்துச்சு. செருப்பக் கழட்டிக்கிட்டே கேட்டாரு.

"வேலா, கார்ல வந்தவிங்களுக்கு மோர் குடுத்தியா?"

"ஆமாங்க. வெயில்ல வந்திருந்தாங்க."

"நெம்ப நேரம் இருந்தாங்களா?"

"சித்த நேரந்தான்."

"செரி"ன்னாரு. துண்டை எடுத்துக்கிட்டுத் தண்ணி வாத்துக்கப் போயிட்டாரு. அவ்வளவுதான் அம்மணி. அதுதான் பேச்சு. இன்னி வரைக்கும் அதுக்கு மேல அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

என்ன நடந்துச்சுன்னு அவரு ரேஞ்சர் சார்கிட்டப் போன்ல சொன்னதக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். நான் அடுப்படியில இருந்தேன், அவரு முன்னால ஆசாரத்துல நின்னு பேசினாரு. படத்துக்கு மறைக்குதுன்னு கூட்டுக்கு மேல இருந்த பிரம்போலையெல்லாம் சணல்ல இழுத்துக் கட்டியிருக்காங்களாம். ரெண்டு கெளையை ஒடிச்சிருக்காங்களாம். பொட்டுப் பொட்டுன்னு வெளிச்சம் அடிச்சிருப்பாங்க போல. எத்தனை நாளைக்குத்தான் அது பொறுக்கும், மூணாவது நாளு ஆம்பளை பறந்துருச்சு. பகல்ல பறக்கவே பறக்காதாம் அது. குஞ்சு தனியா, உச்சி வெயில்ல, மறைப்பு ஒண்ணும் இல்லாம. வால்காக்கா தூக்கிருச்சாம். கீழ வெள்ளையாக் கொஞ்சம் பூ முடி கெடந்துச்சாம்.

அப்பறம் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போன்ல சொன்னாரு. "ஆம்பளை திரும்பி வந்துருச்சுங்க சார். வெறுங்கூட்டுலயே உக்காந்திருக்குதுங்க. காத்தால இருந்து அசையல"ன்னாரு. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. எம்பொண்ணு கண்ணாலமாகிப் போனப்பக்கூட அந்தக் குரல நான் கேட்டதில்ல. ரேஞ்சருகிட்டச் சொல்றாரு. கட்டின பொண்டாட்டி நான் பத்தடியில நிக்கறேன், எங்கிட்டச் சொல்லல.

அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டி, ஒரு பாட்டம் அழுது, அதோட போயிருக்கும். இது என்ன தண்டனைன்னு கேக்கறேன். நானா கெளைய ஒடிச்சேன்? நானா வெளிச்சம் அடிச்சேன்? வெரலக் காட்டினது ஒரு குத்தமா?

அந்தச் சித்திரையில மாரியாத்தா நோம்பிக்குப் பூங்கொடி வந்திருந்தா. அவ போன்ல என்னமோ தள்ளிக்கிட்டே இருந்தவ, "அம்மா, இது நம்ம காட்டுக் குருவியாட்ட இருக்குது பாரு"ன்னா. வாங்கிப் பார்த்தேன். அதே எடம். அதே பிரம்பு. அந்தத் தாடிக்காரன் எடுத்ததுதான், வேற யாரு. ஆயிரக்கணக்குல சனம் பார்த்திருக்குதுன்னா பூங்கொடி. ஆம்பளை சிறகச் சித்த தூக்கியிருக்குது, அதுக்கடியில குஞ்சு தலைய நீட்டிக்கிட்டு இருக்குது. வாயத் தொறந்திருந்துச்சு. நான் முட்டையோட இருக்கறப்பத்தானே போனேன், குஞ்சப் பார்த்ததில்ல. அழகா இருந்துச்சு அம்மணி. அவரு சொன்னாப்பல, பஞ்சுதான். கண்ணு மட்டும் கருப்பா, பெருசா.

எனக்குச் சந்தோசம் தாங்கல. அவரு பொடக்காலில தொட்டிக்குத் தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தாரு. போனை எடுத்துக்கிட்டு ஓடினேன். "ஏனுங்க, இங்க பாருங்க, உங்க குஞ்சு"ன்னேன். உசுரோட இருக்கற படந்தானே, பார்த்தா மனசு ஆறும்னு நெனச்சேன். கைய வேட்டியில தொடச்சுட்டு வாங்கிப் பார்த்தாரு. நெம்ப நேரம் பார்த்தாரு. அப்பறம் போனை என்ற கையில குடுத்துட்டு, வாளியக் கெணத்து மேட்டுலயே வெச்சுட்டு, கேட்டத் தொறந்து வெளிய போயிட்டாரு. நோம்பிச் சோறு ஆக்கி வெச்சிருந்தேன். பொண்ணு, மாப்ள, பேரம் பேத்தி எல்லாரும் இருக்காங்க. மனுசன் சாப்புட வரல. மாப்ள என்ன நெனச்சிருப்பாரு, சொல்லு. நான் என்ன தப்புப் பண்ணினேன் அதுல?

அதுல இருந்து வாரத்துக்கு நாலு நாளு கேம்பு ஷெட்டுலயே படுத்துக்கறாரு. வருவாரோ வர மாட்டாரோன்னு தெரியாது, நான் ரெண்டு ஆளுக்குத்தான் ஒலை வெப்பேன். வந்தாச் சாப்புடுவாரு. வரலைன்னா அடுத்த நாளு பழையதுக்கு நானாச்சு. வந்தாலும், "தண்ணி வருதா", "கேஸ் தீந்துருச்சா", இதுதான் பேச்சு. பழையபடியே ஆயிட்டாருன்னு பூங்கொடி சொல்றா. பழையபடி இல்ல அம்மணி. அப்பப் பேச வராமப் பேசாம இருந்தாரு. இப்பப் பேச வந்தப்பறம் பேசாம இருக்காரு.

போன வருசம் குருவி வரல. அந்தப் பொதருல மட்டுமில்ல, சுத்துவட்டாரத்துலயே இல்ல. தெனமும் வெடியாலப் போவாரு, வெயில் ஏறினதும் வருவாரு. மொகத்தப் பார்த்தாத் தெரியும், நான் கேக்க மாட்டேன். தை, மாசி, பங்குனி மூணு மாசமும் அப்படிப் போச்சு.

அந்தத் தாடிக்காரன் என்ற கைப் படத்த அனுப்பறேன்னு சொல்லி வெலாசம்கூட எழுதிக்கிட்டுப் போனான். வரவே இல்ல.

மணி என்ன ஆச்சு? மூணுதானா. நெறைய நேரம் இருக்குது.

நீ நல்ல பொண்ணு. வந்ததுல இருந்து ஒருக்காக்கூடப் போனை எடுத்துப் பார்க்கல. எங்கிட்ட இப்படி உக்காந்து யாரு பேசறா. அதனால உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், உன்னோட வெச்சுக்கோ.

இந்த வருசம் வந்திருக்குது.

அவரு சொல்லல. எங்கிட்டச் சொல்வாரா? ஆனா அவரு துணியத் தொவைக்கறது நான்தானே. பொங்கலுக்கு அப்பறம் பேண்ட்டு அடியில வெள்ளைக் களிமண்ணு ஒட்டிக்கிட்டு வருது. அந்த மண்ணு ஒரே எடத்துலதான் இருக்குது, ரெண்டாவது ஓடைக்கு அக்கட்ட, ஈத்த மூங்கில் காட்டு ஓரமா. நான் சின்னப்புள்ளையில சாணி பொறுக்கின எடம், எனக்குத் தெரியாதா. சட்டைப் பையில பாசி உதிர்ந்து கெடக்குது. பீடி குடிக்கறதில்ல இப்ப, வாசம் வருமே குருவிக்கு. போன வாரம் வட்டல்ல ரெண்டாந்தரம் சோறு போடச் சொன்னாரு. முந்தா நாளு எறங்கி வந்தவரு, வாசல்ல நின்னுக்கிட்டு, தானாவே, "இன்னிக்கு வெயில் எச்சா இருக்குது"ன்னாரு. ரெண்டு வருசத்துல அவராச் சொன்ன மொத வார்த்தை அது. நான் சொம்போட அப்படியே நின்னுட்டேன். இன்னும் என்னமோ சொல்லப் போறாரு, "வர்றியா"ன்னு கேக்கப் போறாருன்னு நின்னேன். கை காலக் கழுவிக்கிட்டு உள்ள போயிட்டாரு.

கேப்பாருன்னுதான் தெனமும் வெடியால மொதல்ல எந்திரிச்சு, தலை சீவி, தயாரா இருக்கேன். அவரு டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போயிடறாரு. இன்னிக்கும் போயிட்டு, அப்பறந்தான் செக்போஸ்ட்டுக்கு வந்திருக்காரு.

நானே போகலாந்தான். போயி என்ன, என்ற கண்ணுக்கு அது தட்டுப்படாது. பொதரப் பார்த்துட்டு வர வேண்டியதுதான்.

நீ எந்திரி. அந்தப் பைய எடுத்துக்கோ. அவரு அஞ்சு மணி வரைக்கும் செக்போஸ்ட்ட விட்டு அசைய மாட்டாரு. பொடக்காலி வழியாப் போனாக் கால் மணி நேரந்தான், பஸ்ஸுக்கு வந்துரலாம். ரெண்டாவது ஓடை வரைக்கும் நான் வர்றேன், அங்கிருந்து கை காட்டறேன், நீ போயிப் பாரு. ஏன் அப்படிப் பார்க்கற? அவிங்க ஆம்பளைங்க, இஷ்டத்துக்குப் பண்ணிட்டாங்க. நீ பொம்பளைப் புள்ள, படிச்சவ, பதனமாப் பார்ப்பே. வெளிச்சம் மட்டும் அடிக்காதே. கெளையத் தொடாதே. செருப்ப இங்கயே விட்டுரு, சத்தம் கேக்கும்.

ஒரே ஒரு படம் போதும். கிட்டக்கூடப் போக வேண்டாம். எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டிட்டுப் போ, முட்டையா, குஞ்சு பொரிச்சிருச்சான்னு பார்த்துக்கறேன். அவரு சாய்ங்காலம் ஊட்டுக்கு வந்து எதுத்தாப்பல உக்காந்து சாப்புடறப்ப, அவரு மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. வா அம்மணி, வெயில் எறங்கறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்.